2^127 − 1: காகிதமும் பேனாவும் தொட்ட மிகப் பெரிய பகா எண்

#1 பகாநேசன்

வணக்கம் நண்பர்களே. நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஓர் எண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727

இதுதான் 2^127 − 1. மொத்தம் 39 இலக்கம். பைனரியில் எழுதினால் வரிசையாக 127 ஒன்றுகள், நடுவில் ஒரு பூஜ்யம் கூடக் கிடையாது. இது பகா எண் என்று 1876ல் எடுவார் லூகாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அறிவித்தார். மின்னணுக் கணினி வர இன்னும் 70 வருடம் இருந்தது. அதன் பிறகு 1951 வரை, முழுதாக 75 வருடம், இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் யாருக்கும் தெரியாது.

2024 அக்டோபரில் கண்டுபிடித்த 2^136279841 − 1 தான் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. நான்கு கோடியே பத்து லட்சம் இலக்கங்களுக்கு மேல். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணை நாம் யாரும் முழுதாக ஒருமுறை படித்துக்கூடப் பார்க்க முடியாது. 39 இலக்க எண்ணை ஒரு தபால் அட்டையில் எழுதலாம், மனப்பாடம் செய்யலாம். நான் செய்திருக்கிறேன்.

என் கட்சி இதுதான்: இந்த எண் மனிதன் கைக்கு அகப்பட்டதற்குக் காரணம் அதன் வடிவம். வடிவம் தெரியாமல் போயிருந்தால், இதில் பாதி நீளமுள்ள எண்ணைக்கூட 1876ல் யாரும் பகா எண் என்று நிரூபித்திருக்க முடியாது. உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

#2 பைட்முருகு

அண்ணா, எண்ணைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பிழைப்பதிவில் இதே எண் வந்து நின்றது. யாரோ தவறான தரவை உள்ளே விட்டார்கள் என்று அரைநாள் தேடினோம். அப்புறம்தான் புரிந்தது, அது 128 பிட் முழு எண் தாங்கக்கூடிய உச்ச மதிப்பு. குறிக்கு ஒரு பிட் போக மிச்சம் 127 பிட், எல்லாம் 1.

அப்போது இது பகா எண் என்று எனக்குத் தெரியாது. 32 பிட்டின் உச்சமான 2147483647 பகா எண் என்று மட்டும் தெரியும். அதாவது 2^31 − 1, ஆய்லர் 1772ல் நிரூபித்தது. ஆனால் 64 பிட்டின் உச்சம் 2^63 − 1 பகா எண் இல்லை, 7-ஆல் வகுபடும். 16 பிட்டின் உச்சம் 32767-உம் இல்லை, அதுவும் 7-ஆல் வகுபடும். 8 பிட்டுக்கு 127, அது பகா எண். 8, 32, 128 தேறுகிறது. 16, 64 தேறவில்லை. இது தற்செயலா?

#3 பகாநேசன்

முருகு, பாதி காரணம் உண்டு, பாதி அதிர்ஷ்டம். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் எண்ணும் உடைந்துவிடும். 63-ஐ 3 வகுக்கிறது, ஆகவே 2^63 − 1-ஐ 2^3 − 1, அதாவது 7 வகுக்கும். 15-க்கும் அதே கதை. 7, 31, 127 மூன்றும் பகா எண்கள் என்பதால் அந்த மூன்றுக்கும் வாய்ப்பு மிஞ்சியது. வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை. 11 பகா எண், ஆனால் 2^11 − 1 = 2047 = 23 × 89.

#4 தமிழினி

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லூரியில் முதலாமாண்டு கணிதம் படிக்கிறேன். ஒரு சந்தேகம். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் பள்ளியில் படித்தோம். 39 இலக்க எண்ணை எப்படி ஒரு மனிதர் கையால் அப்படி வகுத்துப் பார்த்திருப்பார்? வகுக்காமலேயே சொன்னார் என்றால் அது எப்படி நிரூபணம் ஆகும்?

#5 ஓய்வாசிரியர்

தமிழினி, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாய். முதலில் அந்த வகுக்கும் வழியிலேயே போகிற வரை போய்ப் பார்த்துவிடுவோம் அம்மா. அதை ஏன் கைவிட்டார்கள் என்பது நடந்து பார்த்தால்தான் உறைக்கும்.

ப என்ற பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள். அப்படியானால் ப-ஐ மட்டாக வைத்து, அதாவது ப-ஆல் வகுத்த மீதியை மட்டும் பார்க்கும்போது, 2^127 என்பது 1. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2^(ப−1)-உம் 1. 127 பகா எண்ணாக இருப்பதால், 2-இன் அடுக்குகள் திரும்ப 1-க்கு வரும் சுற்று சரியாக 127 நீளம். அதைவிடக் குட்டையான சுற்று கிடையாது. ஆகவே ப−1-ஐ 127 வகுத்தே ஆக வேண்டும். ப ஒற்றைப்படை எண், அதனால் 254-உம் வகுக்கும். காரணி என்று ஒன்று இருந்தால் அது 255, 509, 763, 1017 என்று 254 தாண்டித் தாண்டிப் போகும் வரிசையில்தான் இருக்கும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். 509-க்கு மீதி 5, போயிற்று. 1271-க்கு மீதி 7, ஆனால் அதுவே 31 × 41. இப்படி வடிகட்டிக்கொண்டே போனால், உருப்படியாக வகுத்துப் பார்க்க வேண்டிய முதல் எண்ணே 2287 தான். பார், எத்தனை பெரிய சல்லடை!

இத்தனை சலித்தும் மிஞ்சுவது எவ்வளவு? வர்க்கமூலம் சுமார் 1.3 × 10^19. அதுவரை 2.5 × 10^16-க்கும் அதிகமான எண்கள் தேறும். நொடிக்கு ஒரு வகுத்தல் என்று இரவு பகல் உட்கார்ந்தாலும் 80 கோடி ஆண்டு. அவற்றில் உள்ள பகு எண்களை எல்லாம் எப்படியோ முன்கூட்டியே நீக்கிவிட்டாலும் சில கோடி ஆண்டுகள். அந்தப் பாதை அடைபட்டுவிட்டது.

லூகாஸ் திறந்த பாதை வேறு. அதை இன்று சொல்லும் எளிய வடிவத்தில் சொல்கிறேன். 4-இல் தொடங்கு. வர்க்கம் எடு, 2 கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை வைத்துக்கொள். அதையே திரும்பத் திரும்பச் செய். எத்தனை முறை? அடுக்கில் இரண்டு குறைத்துக்கொள். கடைசியில் 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். இரண்டு பக்கமும் உறுதி, நடுவில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

2^7 − 1 = 127-க்குச் செய்து காட்டுகிறேன். ஐந்து முறை.

4-இலிருந்து 14. 14-இலிருந்து 194, மீதி 67. 67-இன் வர்க்கத்தில் 2 போனால் 4487, மீதி 42. அடுத்து 1762, மீதி 111. அடுத்து 12319, அது 127 × 97, மீதி 0. முடிந்தது.

இதில் ஓர் அழகு இருக்கிறது. மீதி எடுக்க வகுக்கவே வேண்டாம். 128 என்பது 127-ஐவிட ஒன்றுதான் கூட. ஆகவே 4487-இல் 128 எத்தனை தடவை போகிறது? 35 தடவை, மிச்சம் 7. 35-உம் 7-உம் கூட்டினால் 42, அதுதான் மீதி. 12319-இல் 96 தடவை, மிச்சம் 31, கூட்டினால் 127, அதாவது 0. பைனரியில் இது இன்னும் சுலபம். பெருக்கி வந்த நீளமான எண்ணைப் பாதியாக மடித்து, மேல் பாதியைக் கீழ்ப் பாதியோடு கூட்டினால் போதும். வேட்டியை மடிப்பது போல.

2^127 − 1-க்கு இதை 125 முறை செய்ய வேண்டும். 39 இலக்க எண்ணை 39 இலக்க எண்ணால் பெருக்க 1521 ஒற்றை இலக்கப் பெருக்கல்கள். 125 முறைக்கு ஏறத்தாழ 1,90,000. கடினம்தான். ஆனாலும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கும். 80 கோடி ஆண்டுக்கும் சில மாத உழைப்புக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு யோசனை.

#6 தமிழினி

ஐயா, நன்றி. 127-க்கு நானும் போட்டுப் பார்த்தேன், 0 வந்தது. அந்த மடிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2047-க்கும் போட்டேன். ஒன்பதாவது முறை 1736 வந்தது, 0 இல்லை. பகு எண் என்று சரியாகச் சொல்கிறது, ஆனால் 23, 89 என்ற காரணிகளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே?

#7 ஓய்வாசிரியர்

சொல்லாது. அதுதான் இந்தச் சோதனையின் குணம். உடையும் என்று சொல்லும், எங்கே உடையும் என்று சொல்லாது. 2^67 − 1-க்கு நடந்ததைப் பார். அது பகு எண் என்று லூகாஸ் 1876லேயே காட்டிவிட்டார். காரணிகளைக் கண்டுபிடித்தது 1903ல், அமெரிக்கரான கோல். 193707721 × 761838257287. இடையில் 27 வருடம்.

#8 கரிசல்

நல்ல விவாதம். ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. ஒருவர் தனியாகக் கையால் போட்ட கணக்கை எப்படி நம்புவது? 1,90,000 பெருக்கலில் ஒன்று தப்பினாலும் முடிவு கெட்டுப்போகும். இந்த எண்களின் வரலாறே தவறுகளின் வரலாறு. மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644ல், 2^n − 1 பகா எண்ணாக வரும் அடுக்குகள் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. அதில் 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயிற்று. 127 சரியாக வந்தது, ஆனால் அதை அவர் நிரூபித்துச் சொல்லவில்லை.

இரண்டு. பகாநேசன் இந்த எண்ணை ஏதோ அரிய ரத்தினம் போலப் பேசுகிறார். அந்த அளவுள்ள எண்களில் சராசரியாக 88-க்கு ஒன்று பகா எண். பக்கத்திலேயே கோடானுகோடி இருக்கின்றன. இதற்கு மட்டும் என்ன தனி மரியாதை?

#9 பகாநேசன்

கரிசல், முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன்.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பகா எண்ணைப் பகு எண் என்று தவறாகச் சொல்லிவிட வாய்ப்பு அதிகம். நடுவில் ஓர் இலக்கம் பிசகினாலும் கடைசியில் குப்பையாக ஒரு 39 இலக்க எண்தான் வரும். குப்பையாக வரும் எண் சரியாக 0-ஆக இருக்க வாய்ப்பு எவ்வளவு? 10^38-இல் ஒன்று என்ற அளவு. ஆகவே 125 படிகளும் ஏறி உச்சியில் 0 நின்றது என்றால், அந்த 0 தானே தனக்குச் சாட்சி. பகு எண் என்று வரும் முடிவைத்தான் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும், பகா எண் என்று வருவதை அவ்வளவு சந்தேகிக்க வேண்டாம்.

கணக்குப் போட்ட விதமும் அருமையானது. பைனரியில், 127க்கு 127 கட்டம் கொண்ட சதுரங்கப் பலகை போன்ற ஒன்றில் காய்களை நகர்த்திப் பெருக்கும் வழியை அவர் விவரித்தார். 16129 கட்டங்கள். ஒரு வரிசையிலிருந்து காயை எடு, இரண்டு காய் சேர்ந்தால் ஒன்றாக்கி அடுத்த கட்டத்துக்குத் தள்ளு. ஓர் ஓரத்தைத் தாண்டியது மறு ஓரத்தில் வந்து ஏறும், அதுதான் ஐயா சொன்ன மடிப்பு. கணினிக்குள் இன்று நடப்பதும் ஏறக்குறைய அதேதான். இவர்தான் 1883ல் ஹனாய் கோபுரம் என்ற விளையாட்டை வெளியிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. 64 வட்டுகளை நகர்த்த 2^64 − 1 நகர்வுகள் வேண்டும். எங்கு தொட்டாலும் இரண்டின் அடுக்கில் ஒன்று குறைவு!

கோட்பாட்டில் அவர் விட்ட இடைவெளிகள் உண்டு, அதை மறைக்க வேண்டாம். அவர் தொடங்கியது ஃபிபனாச்சி எண்களிலிருந்து. 8-ஆவது ஃபிபனாச்சி எண் 21, அதை 7 வகுக்கும். 128-ஆவதை 127 வகுக்கும். அதே போல 2^127-ஆவது ஃபிபனாச்சி எண்ணை நம் 39 இலக்க எண் வகுக்கும். அந்த வழியில் போனால் 4-க்குப் பதில் 3-இல் தொடங்குவது: 3, 7, 47 என்று போகும். ஆனால் 3-இல் தொடங்குவது எல்லா அடுக்குக்கும் செல்லாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் அடுக்குகளுக்கு மட்டும். 127 அந்த வகை. எல்லா ஒற்றைப்படைப் பகா அடுக்குக்கும் பொருந்தும்படி, 4-இல் தொடங்கி, முழு நிரூபணத்தோடு கொடுத்தவர் டி. எச். லேமர், 1930ல். அதனால்தான் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து லூகாஸ்–லேமர் சோதனை என்கிறோம்.

இரண்டாவது கேள்விக்கு: 88-க்கு ஒன்று என்பது சரி. ஊர் நிறைய வீடு இருக்கிறது. ஆனால் 1876ல் விலாசம் தெரிந்த வீடு இது ஒன்றுதான். நம் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் 2^127. காரணிகள் முழுக்கத் தெரியும், எல்லாம் 2. அந்தத் தெளிவைப் பிடித்துக்கொண்டுதான் சோதனை மேலே ஏறுகிறது. பக்கத்து வீட்டுப் பகா எண்ணுக்கு அப்படி ஒரு கைப்பிடி கிடையாது.

#10 பைட்முருகு

அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுப் பைத்தானில் நாலு வரி எழுதி ஓட்டினேன். விரலை எடுப்பதற்குள் 0 வந்துவிட்டது. அந்த மனிதரை நினைத்தால் என்னவோ செய்கிறது.

ஒரு கேள்வி. கான்பூர் ஐஐடியில் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் 2002ல் கொடுத்த பகா எண் சோதனை முறை எந்த எண்ணுக்கும் பொருந்துமே. இப்போது அதைத்தானே பயன்படுத்துவார்கள்?

#11 ஓய்வாசிரியர்

அது கோட்பாட்டில் மிகப் பெரிய திருப்பம் தம்பி. எந்த எண்ணாக இருந்தாலும், தற்செயலை நம்பாமல், நிரூபிக்காத ஊகம் எதையும் நம்பாமல், இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து நியாயமான நேரத்தில் விடை தரும் என்று காட்டினார்கள். அதற்கு முன் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் நடைமுறை வேகத்தில், 2^n − 1 வடிவில் வரும் மெர்சென் எண்களுக்கு லூகாஸ்–லேமரை அது நெருங்காது. பொதுவான சாவி வேறு, இந்தப் பூட்டுக்கென்றே வார்த்த சாவி வேறு.

#12 மறைகுறிராஜி

நான் குறியாக்கத் துறையில் வேலை செய்கிறேன், இந்த எண் எங்களுக்கும் சொந்தம்.

ஐயா சொன்ன மடிப்புதான் எங்கள் காரணம். ஒரு பகா எண்ணை மட்டாக வைத்துக் கோடிக்கணக்கில் பெருக்கும்போது மீதி எடுப்பதுதான் நேரத்தைத் தின்னும். இங்கே மீதி என்பது வெறும் கூட்டல். 127 பிட் என்பதால் 64 பிட் கொண்ட இரண்டு சொற்களுக்குள் அடங்கி, ஒரு பிட் காலியாகவும் இருக்கும். 2015ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் கோஸ்டெல்லோ, லோங்கா இருவரும் வெளியிட்ட ஃபோர்க்யூ என்ற நீள்வட்ட வளைவு இந்தப் பகா எண்ணின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதன் வேகத்துக்கு இந்த எண்ணும் ஒரு காரணம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை, குறிப்பாக முருகு போன்றவர்களுக்கு. பெரிய பகா எண் கிடைத்தது என்று இதை அப்படியே பழைய டிஃபி–ஹெல்மன் என்ற ரகசியச் சாவிப் பரிமாற்ற முறையில் போட்டுவிடாதீர்கள். 39 இலக்கம் அதற்குச் சின்னது என்பது ஒரு காரணம். இன்னொன்று அதைவிட மோசம். எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் எல்லாம் 2 என்று பகாநேசன் அண்ணா மகிழ்ந்தாரே, ஒன்றைக் கழித்தால் என்ன வருகிறது பாருங்கள். 2 × (2^63 − 1) × (2^63 + 1). இது சில்லுச் சில்லாக உடையும்: 3 மூன்று முறை, 7 இரண்டு முறை, 19, 43, 73, 127, 337, 5419 என்று போய், இருப்பதிலேயே பெரிய பகாக் காரணி 77158673929. வெறும் 11 இலக்கம். போலிக்–ஹெல்மன் முறையில் ஒரு பெரிய புதிரை இந்தத் துண்டுகளுக்கு ஏற்பச் சின்னச் சின்னப் புதிராகப் பிரித்து, ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடலாம். நீள்வட்ட வளைவில் அந்தப் பிரச்சினை இல்லை, அங்கே குழுவின் அளவு வேறு.

ஆக, எந்த வடிவம் இந்த எண்ணை நிரூபிக்க உதவியதோ, அதே வடிவம் ஓர் இடத்தில் வலு, இன்னோர் இடத்தில் ஓட்டை.

#13 கரிசல்

ராஜி எழுதியது எனக்கு நிறையத் தெளிவைத் தந்தது. பகாநேசன், நீங்கள் சொன்ன 0-இன் சாட்சியையும் ஏற்றுக்கொள்கிறேன். நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

1951ல் இதை வென்ற எண் எது?

#14 பகாநேசன்

அந்த வருடம் இரண்டு எண்கள் தாண்டின. ஃபெரியே என்பவர் மேசை மேல் வைத்துச் சுழற்றும் கணக்கு இயந்திரத்தின் உதவியோடு (2^148 + 1)/17 என்ற 44 இலக்க எண்ணை நிரூபித்தார். அதே 1951ல் கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் எட்சாக் கணினியில் 79 இலக்கத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பிடித்த எண் என்ன தெரியுமா? நம் எண்ணை எடுத்து, வர்க்கமாக்கி, 180-ஆல் பெருக்கி, 1 கூட்டியது! அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் காரணிகள் முழுக்கத் தெரியும், ஏனென்றால் நம் எண் பகா எண் என்று லூகாஸ் ஏற்கெனவே உறுதிசெய்து வைத்திருந்தார். 75 வருடச் சாதனையைத் தாண்ட அந்தச் சாதனையையே ஏணியாகப் போட்டார்கள். 1952 ஜனவரி 30ல் ராபின்சன் எழுதிய நிரலை லாஸ் ஏஞ்சலஸில் ஸ்வாக் கணினி ஓட்டி, 2^521 − 1, 2^607 − 1 இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தது. அதோடு காகிதத்தின் காலம் முடிந்தது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. கூட்டல் பக்கமும் பாருங்கள். 2^127 + 1-ஐ 3 வகுக்கும். வகுத்தால் வரும் 56713727820156410577229101238628035243-உம் பகா எண்தான். ஓர் அடுக்குக்கு இரண்டு பக்கமும் இப்படி அமைவது அபூர்வம். அடுக்கின் வடிவத்தையும் சேர்த்து மூன்று நிபந்தனையாக 1989ல் பேட்மன், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் ஓர் ஊகம் வைத்தார்கள்: எந்த இரண்டு பொருந்தினாலும் மூன்றாவதும் பொருந்தும். மூன்றும் ஒருசேரப் பொருந்துவதாகத் தெரிந்த அடுக்குகள் 3, 5, 7, 13, 17, 19, 31, 61, 127. அந்த வரிசையில் கடைசி ஆள் நம்மவர்.

#15 பைட்முருகு

2-இல் தொடங்கினால் 2^2 − 1 = 3. 2^3 − 1 = 7. 2^7 − 1 = 127. அடுத்தது நம் எண். எல்லாம் பகா எண். அப்படியானால் நம் எண்ணையே அடுக்காக வைத்தால்?

#16 பகாநேசன்

லூகாஸ் அறிவித்த அதே 1876ல் கேட்டலான் இதைத்தான் கேட்டார். இன்றுவரை விடை இல்லை.

ஆசை இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாத விஷயம் இது. பகா எண்ணை அடுக்காக வைத்தால் பகா எண் வரும் என்பதற்கு எந்த விதியும் இல்லை. 8191-ஐ அடுக்காக வைத்தால் உடைகிறது, 338193759479 வகுக்கும். 131071-ஐ வைத்தால் 231733529 வகுக்கும். 524287-க்கு 62914441. ஐயா சொன்ன விதி அங்கும் நிற்கிறது: கடைசி எண்ணில் ஒன்றைக் கழித்தால் அது 524287 × 120.

#17 தமிழினி

நாம் லூகாஸ்–லேமர் சோதனையையே அதற்கும் போட முடியாதா அண்ணா? கணினிகள்தான் வேகமாகிக்கொண்டே வருகின்றனவே.

#18 மறைகுறிராஜி

இதற்கு நான் பதில் சொல்கிறேன் தமிழினி. அந்த எண்ணை எழுதவே 1.7 × 10^38 பிட் வேண்டும். ஒரு பிட்டுக்கு ஒரே ஒரு கார்பன் அணு போதும் என்று வைத்துக்கொள்வோம். எல்லா அணுவையும் சேர்த்தால் எடை சுமார் 340 கோடி டன். அது எண்ணை எழுதி வைக்க மட்டும். அந்த நீளமுள்ள எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும், அதுவும் 1.7 × 10^38 முறை. வேகமான கணினி வந்தால் தீரும் விஷயம் இல்லை இது. அதிர்ஷ்டவசமாக ஒரு சின்னக் காரணி அகப்பட்டால் பகு எண் என்று முடித்துவிடலாம். இல்லையென்றால், 1876ல் வந்தது போல யாராவது ஒரு புது யோசனையோடு வர வேண்டும்.

#19 கரிசல்

பகாநேசன் முதல் பதிவில் சொன்னதற்கு இதுதான் நல்ல சாட்சி என்று நினைக்கிறேன். வடிவம் தெரிந்தும் இங்கே கை எட்டவில்லை. 39 இலக்கத்துக்கு எட்டியது. எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்க முடிகிறது.

#20 தமிழினி

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. 2^13 − 1 = 8191-க்குக் கையாலேயே போட்டுக்கொண்டிருந்தேன். கால்குலேட்டர் தொடவில்லை. 8192-ஆல் மடித்து மடித்துப் போட்டேன். நடுவில் ஒருமுறை தப்பி, முதலிலிருந்து மறுபடியும். என் நோட்டில் வந்தது:

4, 14, 194, 4870, 3953, 5970, 1857, 36, 1294, 3470, 128, 0

கடைசி 0-ஐப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அம்மா என்னவென்று கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை.

ஐயா, ஒன்று கவனித்தேன். கடைசிக்கு முன்னால் 128 வந்திருக்கிறது. அது 2^7. இரண்டின் அடுக்காக வந்தது தற்செயலா?

#21 ஓய்வாசிரியர்

தமிழினி, இத்தனை நாளில் இந்த இழையில் வந்த சிறந்த கேள்வி இது. தற்செயல் இல்லை.

பின்னாலிருந்து வா. கடைசியில் 0 வர வேண்டும் என்றால், அதற்கு முந்திய எண்ணின் வர்க்கத்தில் 2 போக 0. அதாவது அது 2-இன் வர்க்கமூலம். 8191-ஐ மட்டாக வைத்த உலகில் 2-இன் வர்க்கமூலம் எது? 2^13 அங்கே 1. அப்படியானால் 2^14 என்பது 2. 2^14 என்பது 2^7-இன் வர்க்கம். ஆக 2^7 தான் வர்க்கமூலம், அல்லது அதன் எதிர்க்குறி எண். வேறு எதுவும் அங்கே வந்திருக்கவே முடியாது.

127-க்கு நான் போட்டதைப் பார். கடைசிக்கு முன் 111. அதாவது 127 − 16. 16 என்பது 2^4. எதிர்க்குறியோடு வந்திருக்கிறது.

நம் 39 இலக்க எண்ணுக்கு இதே கணக்குப்படி 2-இன் வர்க்கமூலம் 2^64. எத்தனையோ இலக்கங்கள் ஓடுகிற வர்க்கமூலம் இரண்டு, இந்த எண்ணின் உலகில் ஒரு முழு எண்ணாக வந்து உட்கார்ந்திருக்கிறது. லூகாஸின் 125 படிகளில் 124-ஆவது படியில் 2^64 அல்லது அதன் எதிர்க்குறி எண் நின்றாக வேண்டும். ஹனாய் கோபுரத்தின் நகர்வுகளைவிடச் சரியாக ஒன்று அதிகம்.

#22 பகாநேசன்

ஐயா, இருபது வருடமாக இந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2^64 அதற்குள் அப்படி உட்கார்ந்திருப்பது இன்றுதான் தெரியும். தமிழினிக்கு நன்றி.

#23 தமிழினி

அப்படியென்றால் கடைசி வரிக்கு முன்னாலேயே நான் போட்டது சரியா என்று தெரிந்துவிடும்! அடுத்து 17-க்குப் போடப் போகிறேன்.

#24 ஓய்வாசிரியர்

போடு அம்மா. 131071, பதினைந்து முறை. 131072-ஆல் மடி. பதினான்காவது முறை 512 அல்லது 130559 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் நோட்டில் முந்தைய பக்கத்தைத் திருப்பு.